உதகைக்கும் நுவரெலியாவுக்கும் எத்தனை தூரம்?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

சென்ற ஜூலை மாதத்து விசிட்டிங் ஞாயிறன்று, எங்கள் விடுதித் தோழி ஒருத்தியைப் பார்க்க அவளுடைய பாட்டி கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் கொண்டு வந்த முறுக்கையும் எலுமிச்சை ஊறுகாயையும் பங்கு போட்டுக்கொள்ளும் நல்ல நோக்கத்துடன் நாங்கள் மூவரும் பார்லருக்குள் நுழைந்துவிட்டோம். (இதை மதர் அவர்கள் படிக்க நேர்ந்தால் மன்னிப்பாராக!) அங்கே ஜன்னல் ஓரத்தில் இருக்கும் பழைய பூகோள உருண்டையைப் பாட்டி ஒரு விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எங்கள் பக்கம் திரும்பி, “ஏம் புள்ளைகளா, இங்கேயிருந்து நுவரெலியா எம்புட்டுத் தூரம் இருக்கும்? பிளேனுல போனா எம்புட்டு நேரமாகும்?” என்று கேட்டார்.

பூமியிலிருந்து சந்திரன் 3,84,400 கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். பாட்டி கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நுவரெலியா இலங்கையின் மலைநாட்டில் உள்ள ஊர். அதற்கு அருகே கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் பாட்டி. 1973-ஆம் ஆண்டில், சரியாக எங்கள் வயதில், அதாவது 15 வயதில், பெற்றோருடன் இந்தியாவுக்கு வந்தார். மணமாகியிருந்த அவருடைய அக்காள் அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. முன்பு கடிதம் போட்டார்கள். இப்போது கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேசுகிறார்கள். ஆனால் அக்காளுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. திரையில் தெரிவது தங்கையா, சுவரா என்று அவருக்குத் தெரிவதில்லை. “தொட்டுப் பாத்தாத்தான் அவளுக்கு நான்னு தெரியும்” என்றார் பாட்டி. ஆகவே இந்தக் கேள்வி, வகுப்பில் கேட்கும் கேள்வியைப் போல ஐந்து மதிப்பெண் கேள்வி அல்ல.

முதலில் உருண்டையிலேயே அளந்து பார்த்தோம். தையல் வகுப்பு நூலை எடுத்து ஒரு முனையை நீலகிரி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, மறு முனையை இலங்கையின் நடுவில் வைத்தோம். இரண்டு ஊர்களின் பெயரும் அந்த உருண்டையில் இல்லை. இலங்கையே ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. நூலின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தது. உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர்; எனவே அதன் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். உண்மையான பூமியின் சுற்றளவோ சுமார் 40,000 கிலோமீட்டர். அப்படியானால் உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஏறக்குறைய 425 கிலோமீட்டர். நூலை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் பிடித்தாலும் 42 கிலோமீட்டர் பிழை வந்துவிடும். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் பாதையே 46 கிலோமீட்டர்தான்! இப்படி அளந்து சொன்னால் பாட்டியைப் பாதி மலையில் இறக்கிவிட்டது போலாகும் என்று நூலைச் சுருட்டிவிட்டோம்.

மறுநாள் பூகோளம் கற்பிக்கும் சிஸ்டர் அவர்களிடம் சென்றோம். சிஸ்டர் விடையைச் சொல்லவில்லை. “அட்சரேகை, தீர்க்கரேகை எதற்குப் படித்தீர்கள்? பிதாகரஸ் தேற்றம் எதற்குப் படித்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்கள். இரண்டும் வெவ்வேறு பாடவேளைகளில், வெவ்வேறு புத்தகங்களில் வருவதால், அவை ஒன்றையொன்று சந்திக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

தோழியரே, கணக்கு இதுதான். பொறுமையாகப் படித்தால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே போட்டுவிடலாம்.

உதகை வட அட்சம் 11.41 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 76.70 பாகையிலும் இருக்கிறது. நுவரெலியா வட அட்சம் 6.97, கிழக்குத் தீர்க்கம் 80.77. ஆகவே நுவரெலியா நமக்குத் தெற்கே 4.44 பாகையும், கிழக்கே 4.07 பாகையும் தள்ளியிருக்கிறது. வடக்குத் தெற்காக ஒரு பாகை என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். எனவே தெற்கே 493 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக அளக்கும்போது மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தீர்க்கரேகைகள் உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் போலத் துருவங்களை நோக்கிக் குறுகிப் போகின்றன. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு பாகை, காஷ்மீரத்து ஸ்ரீநகரில் 92 கிலோமீட்டராகிவிடுகிறது. எவ்வளவு குறுகும் என்பதைச் சொல்வது திரிகோணமிதியில் நாம் படிக்கும் கொசைன்தான். இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள அட்சம் 9 பாகை சொச்சம். அதன் கொசைன் 0.987. 4.07-ஐ 111-ஆலும் 0.987-ஆலும் பெருக்கினால் 446 கிலோமீட்டர் வருகிறது.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. தெற்கே 493, கிழக்கே 446. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கர்ணம் 665. அதாவது உதகைக்கும் நுவரெலியாவுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 665 கிலோமீட்டர்.

(எங்களில் ஒருத்தி கொசைனை மறந்துவிட்டு 669 என்று விடை கொண்டு வந்தாள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நான்கு கிலோமீட்டர் பிழையோடு தப்பித்தாள். நார்வே நாட்டுப் பெண்ணாக இருந்தால் தப்பியிருக்க முடியாது. பூமி உருண்டையாயிற்றே, தட்டையான முக்கோணம் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இத்தகைய குறைந்த தூரத்தில் பொருந்தும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தூரங்களுக்குப் பெருவட்டக் கணக்குப் போடவேண்டும்.)

665 கிலோமீட்டர் என்பது அதிகமா, குறைவா? அதே முறையில் வேறு சில ஊர்களுக்கும் போட்டுப் பார்த்தோம். உதகையிலிருந்து சென்னை 430 கிலோமீட்டர். ஹைதராபாத் 690. மும்பை 940-க்கு மேல். டில்லி 1,900-க்கும் மேல். என்ன வியப்பு! நாம் வேறு தேசம், கடல் கடந்த தேசம் என்று எண்ணியிருந்த நுவரெலியா, ஹைதராபாத்தைவிட நமக்கு அருகில் இருக்கிறது.

அருகில் இருப்பது மட்டுமன்று, சாயலிலும் அது நம் ஊருக்கு உடன்பிறப்புப் போலவே இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர். இரண்டும் வெயில் தாங்காத ஆங்கிலேயர்கள் அமைத்துக்கொண்ட மலை ஊர்கள். இங்கே சல்லிவன் வெட்டிய ஏரி. அங்கே ஆளுநர் கிரெகரியின் பெயரால் ஓர் ஏரி. இங்கே தாவரவியல் பூங்கா. அங்கே ஹக்கலைப் பூங்கா. உருளைக்கிழங்கு, காரட், மூடுபனி, தேயிலை எல்லாம் இரண்டிலும் உண்டு. படத்தைப் பார்த்தபோது எது எந்த ஊர் என்று எங்களுக்கே குழப்பம் வந்தது.

இனி இரண்டாவது கேள்வி. விமானத்தில் எவ்வளவு நேரம்?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 665-ஐ 830-ஆல் வகுத்தால் 48 நிமிடம். இதை எழுதிக்கொண்டு பெருமையோடு சிஸ்டரிடம் ஓடினோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, “சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று போடுங்கள். பிறகு விமானக் கால அட்டவணையைப் பாருங்கள்” என்றார்கள். கொழும்புக்கான விமானங்கள் இறங்குமிடம் கட்டுநாயக்கா. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து அது சுமார் 645 கிலோமீட்டர். ஏறக்குறைய நம் 665-தான். கணக்குப்படி 47 நிமிடம் ஆகவேண்டும். அட்டவணையிலோ சுமார் ஒரு மணி இருபது நிமிடம் என்று இருந்தது. மீதி அரை மணி நேரம் எங்கே போயிற்று?

இதற்கு விடை தேடியதில்தான் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம். அட்டவணையில் உள்ள நேரம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் அன்று. நின்ற இடத்திலிருந்து விமானத்தின் சக்கரம் உருளத் தொடங்கும் நொடி முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரம் நிற்கும் நொடி வரை கணக்கு. ஓடுபாதை வரை விமானம் மாட்டு வண்டியைப் போல மெதுவாக ஊர்ந்து போகவேண்டும். முன்னால் வரிசையில் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். பிறகு எதிர்க்காற்று வீசும் திசையை நோக்கித்தான் அது எழும்பும். அந்தத் திசை கொழும்புக்கு நேர்மாறாக இருந்தால் வட்டமிட்டுத் திரும்ப வேண்டும். பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறச் சுமார் 20 நிமிடம் ஆகிறது. இறங்குவதையோ ஊருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் முன்பே தொடங்கிவிடுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இல்லை. ஆகவே சென்னை கொழும்புப் பயணத்தில் விமானம் முழு வேகத்தில் சமமாகப் பறப்பது 20 நிமிடம் இருந்தாலே பெரிது. குறைந்த தூரப் பயணம் என்பது ஏறி இறங்குவதிலேயே முடிந்துவிடுகிறது, நம் பள்ளியின் இடைவேளையைப் போல!

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஏர் இந்தியா நிறுவனம் டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு முதலில் அட்லாண்டிக் கடல் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் கடல் வழிக்கு மாற்றிக்கொண்டது. அந்த வழி 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது! மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, முதல் வழியில் எதிரே நின்று தடுத்தது; இரண்டாம் வழியில் பின்னால் நின்று தள்ளியது. தூரம் அதிகமானால் நேரமும் அதிகமாகும் என்ற விதி தரையில் எழுதப்பட்டது போலும்.

கடிகாரமும் ஏமாற்றும். இந்தியாவும் இலங்கையும் இன்று ஒரே கடிகார நேரத்தில் இருக்கின்றன. ஆனால் 1996-ஆம் ஆண்டு மின்சாரப் பற்றாக்குறை காரணமாக இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது; அந்த ஆண்டு இறுதி முதல் 2006 ஏப்ரல் வரை நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தது. அந்த நாட்களில் சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் கொழும்பில் இறங்கியபோது அங்கே 11.50. திரும்பி வரும்போதோ 50 நிமிடத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும். விமானம் என்னவோ அதே விமானம்தான்.

எனவே பாட்டிக்கு எங்கள் விடை: உதகையிலிருந்து நுவரெலியாவுக்கு நேராக விமானம் இருந்தால், ஒரு மணி இருபது நிமிடம்.

ஆனால் இந்த ‘இருந்தால்’ என்ற சொல்லை நாங்கள் மிக லேசாக எழுதிவிட்டோம். நீலகிரியில் விமான நிலையம் இல்லை. ஓடுபாதைக்குக் கிலோமீட்டர் கணக்கில் சமதரை வேண்டும்; சுற்றிலும் தடையற்ற வானம் வேண்டும். நமக்கு இருப்பவை சரிவும் மேகமும்தான். 2021 டிசம்பர் 8 அன்று நடந்ததை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் அவர்களும் அவருடைய துணைவியாரும் மற்றவர்களும் வந்த ஹெலிகாப்டர், சூலூரிலிருந்து காலை 11.48-க்குப் புறப்பட்டு 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். வெறும் 27 நிமிடப் பயணம். காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில், மேகத்துக்குள் நுழைந்த அது மலையில் மோதி விழுந்தது. அதில் வந்த 14 பேரும் இறந்தனர். அன்று நம் மலையில் எத்தனை வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள் என்பது நினைவிருக்கிறது.

ஆகவே, பாட்டி உண்மையில் போகவேண்டிய வழியைத் தாளில் எழுதினோம். உதகையிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு மலை இறங்கி 90 கிலோமீட்டர், 3 மணி நேரம். (மலை ரயிலில் போகலாமே என்று ஒருத்தி சொன்னாள். அது மேட்டுப்பாளையம் வரை இறங்கவே மூன்றரை மணி எடுத்துக்கொள்ளும். ஏறுவதற்கோ ஏறக்குறைய 5 மணி. நேர்கோட்டில் பார்த்தால் வெறும் 29 கிலோமீட்டர்!) கோவையிலிருந்து கொழும்புக்கு 2017-இல் நேர் விமானம் விடப்பட்டது, 530 கிலோமீட்டர்தான். கொரோனா காலத்தில் அது நின்றது. எனவே சென்னை வழியாகவே எழுதினோம். கோவையில் காத்திருப்பது 2 மணி. சென்னைக்குப் பறப்பது 1 மணி 10 நிமிடம். அங்கே பாஸ்போர்ட் சோதனைக்கும் மற்றவற்றுக்கும் 3 மணி. கொழும்புக்கு 1 மணி 20 நிமிடம். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர 1 மணி. பிறகு மலைப் பாதையில் நுவரெலியாவுக்கு ஐந்தரை மணி. கூட்டினால் 17 மணி நேரம். கடக்கும் தூரம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். நேர்த் தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 665 கிலோமீட்டரை 17 மணி நேரத்தில் கடந்தால், சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். கோத்தகிரி பஸ்ஸையே நாம் குறை சொல்கிறோம்!

அடுத்த விசிட்டிங் ஞாயிறு வந்தது. தாளை நீட்டினோம். பாட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தாம் வந்த வழியைச் சொல்லத் தொடங்கினார். அதுவரை தோழிக்கே அது முழுதாகத் தெரியாதாம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இலங்கைத் தோட்டங்களில் உழைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்களுக்கு, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்காமல் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது என்றும் எழுதினார்கள். 1974-இல் அவர்களையும் 75,000 வீதம் சமமாகப் பங்கிட்டார்கள். நாம் கணிதத்தில் போடும் பங்கு வீதக் கணக்குத்தான் இதுவும். வகுபட்டது மனிதர்கள். பாட்டியின் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். அக்காளைக் கட்டிக்கொண்டவர் வீட்டில் இலங்கைக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

“நானுஓயா ஸ்டேஷன்லதான் கோச்சி ஏறினோம்” என்றார் பாட்டி. மலைநாட்டில் ரயிலைக் கோச்சி என்பார்களாம். “அக்கா கைப்புள்ளையோட நின்னுச்சு. கோச்சி நகர்ந்ததும் அதுவும் கூடவே நடந்துச்சு. மேடை முடியிற வரைக்கும் நடந்துச்சு.” தலைமன்னார் வரை ரயில். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்றாம். கடலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். பிறகு மண்டபம் முகாம். அங்கே பெயர் எழுதி, ஊசி போட்டு, எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவாகும் வரை தங்கினார்கள். 1968-இல் தமிழக அரசு, தாயகம் திரும்புவோருக்காக நீலகிரியில் தேயிலை பயிரிடும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதுவே பின்னர் ‘டேன்டீ’ என்ற கழகமாயிற்று. அப்படித்தான் பாட்டியின் குடும்பமும் ரயிலிலும் லாரியிலுமாகக் கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தது. கந்தப்பளை லயத்துக் கதவைச் சாத்திய நாளிலிருந்து இங்கே அடுப்பு மூட்டிய நாள் வரை 11 நாட்கள். “லாரியிலேருந்து எறங்கினா அதே பனி, அதே குளிரு, அதே தேயிலை. திரும்பவும் நுவரெலியாவுக்கே கொண்டாந்து விட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். அக்காவைத்தான் காணோம்.”

பாட்டி வந்த வழி அன்று புதியதன்று. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மீண்டும் ரயில் என்று ஒரே பயணமாகப் போகலாயிற்று. ‘போட் மெயில்’ என்று அதைத்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. 1980-களில், இலங்கையில் கலவரமும் போரும் மூண்டபோது, அதுவும் நின்றது. தலைமன்னார் ரயில் பாதை போரில் சிதைந்து, 2015 மார்ச்சில்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இவை எல்லாவற்றையும் ஒரு காலக்கோடாக வரைந்து பார்த்தோம். 665 என்ற எண் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. ஆனால் இடையே வழி திறப்பதும் அடைபடுவதுமாக இருந்திருக்கிறது. எங்கள் தாளில் ‘தூரம்’ என்று ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தோம். அதை அடித்துவிட்டு, நேர்த் தூரம், வழித் தூரம், நாள் என்று மூன்று கட்டங்களாகத் திருத்தினோம்.

பாட்டியின் பாஸ்போர்ட் நவம்பர் மாதம் தபாலில் வந்தது. 1973-இல் அவர் வந்தபோது குடும்பத்தோடு சேர்த்துப் பெயர் எழுதியிருந்தார்களாம். தனியாகத் தம் படம் ஒட்டிய பாஸ்போர்ட் இதுதான் முதல். பிறந்த இடம் என்று போட்டிருந்த வரியில் ‘கந்தப்பளை’ என்று ஆங்கிலத்தில் இருந்ததை எங்களை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மே விடுமுறையில் பேத்தியும் அவருமாகப் புறப்படுவதாக ஏற்பாடு. பெட்டியில் முதலில் வைத்தது இரண்டு கிலோ நீலகிரித் தேயிலைத் தூள். “சிலோனுக்கே தேயிலையா பாட்டி?” என்று தோழி சிரித்தாள். பாட்டி பதில் சொல்லாமல் பொட்டலத்தை இன்னொரு காகிதத்தில் சுற்றினார்.

பிறகு எங்கள் தாளைக் கையில் எடுத்து, “ஒரு மணி இருவது நிமிசமா! அன்னைக்கு மூணு நாளுக்குத் தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டிக்கிட்டு வந்தோம். இப்ப ஒண்ணும் கட்ட வேணாம் போல” என்றார்.

“அது வானத்துல மட்டும் பாட்டி. வீட்டிலேருந்து வீட்டுக்குப் பதினேழு மணி நேரம்” என்று நாங்கள் விளக்கினோம்.

“அப்படிச் சொல்லு” என்றார் பாட்டி. “அப்ப ரொட்டி சுட்டுத்தான் ஆகணும்.”